எட்டாவது பெயர்

வெள்ளிமலை
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

என்னுடைய மூன்று எண்களையும் நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

சாலம்மாள் யார் என்று தெரிந்துவிட்டது.

ஜூனில் எனக்கு மாற்றல் வந்ததை அம்மா சொல்லியிருப்பாள். வெள்ளிமலைக்கும் மேலே, ஜீப் போகும் கடைசி ஊரில் பள்ளிக்கூடம். டவர் கிடையாது. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சேர்க்கைப் படிவத்தில் பிள்ளையின் பெயர் உபகாரமேரி என்று இருந்தது. மதம் இந்து. ஊர் இந்த மலைதான். நம் ஆயாவின் பெயரை இங்கே யார் வைப்பார்கள்? பேனாவை வைத்துவிட்டு, "உபகாரமேரி யாரு?" என்றேன். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பொடிசு எழுந்து நின்று, "நாந்தான் சார். இன்னா சார்?" என்றது.

படிவத்தை மறுபடி பார்த்தேன். பிறந்த தேதி 4 மார்ச் 2019. பிறந்த இடம் கள்ளக்குறிச்சி. தாயின் பெயர் சாலம்மாள்.

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக அவளே வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். நான் இன்னார் பேரன் என்று சொல்லி முடிக்கவில்லை, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணைக்கு இருந்தது நம் ஆயாவாம். "கூட யாரும்மான்னு கேட்டாங்க சார். எனக்கு வாய் வரல. ஆயாதான், எம் பேத்தி, நான் கீறேன்னு சொன்னாங்க."

போன வருடம் பேனரில் அந்தப் பெயரை நான் குறும்புக்குச் சேர்த்தேன் என்று நீ பதினோரு மாதமாகப் பேசவில்லை. இன்னொரு தடவை சொல்கிறேன். கடைசி வாரத்தில் ஆயா என்னிடம், "சாலம்மாளுக்குச் சொல்லியனுப்புடா, அதுவும் பேத்திதான்" என்றாள். சித்தி வழியில் யாரோ என்று நினைத்துக்கொண்டு, இரங்கல் பேனருக்குப் பெயர் கேட்டபோது உனக்குச் சொன்னேன். தப்பென்றால் அவ்வளவுதான் தப்பு.

ஆகஸ்ட் பதினாறு முதல் வருடத் திருப்பலிக்கு நீதான் பேனர் அடிப்பாய். ஏழு பேரன் பேத்திகளுக்குப் பிறகு எட்டாவதாக அவள் பெயரைப் போடு அக்கா.

ராபின்


கள்ளக்குறிச்சி
11 ஜூலை 2025

ராபினுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. ஆடி பிறக்க ஆறு நாள்தான் இருக்கிறது, தள்ளுபடி பேனருக்கு ஜவுளிக்கடைக்காரர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன், கையெழுத்தைப் பற்றிப் பேசாதே.

நீ துள்ளுகிறாய். எனக்குத் துள்ள வரவில்லை. அந்தப் பேனர் இருபதுக்குப் பத்து அடி. நடுவில் ஆயா, சுற்றிலும் ரோஜாப்பூ, அடியில் என் கடைப் பெயரும் போன் நம்பரும். அழுதுகொண்டே அடித்தேன். நீ போனில் சொல்லச் சொல்ல விரல் அடித்தது, மனசு படிக்கவில்லை. நாலுமுனைச் சந்திப்பில் கட்டி, விடிந்ததும் அப்பாவை ஒருவர் கேட்கிறார், "இன்னா தைரியநாதா, ஒங்கப்பாருக்கு மலையில இன்னொரு குடும்பமா? சொல்லவே இல்லியே." தாத்தா செத்து முப்பது வருடம் ஆகிறது. பெட்டிக்குள் படுத்திருக்கும் ஆயாவுக்கு அன்றைக்கு ஒரு சக்களத்தியைக் கொடுத்துவிட்டோம். அந்தப் பெயரை வெட்டி எடுத்த பிறகுதான் அப்பா தலைநிமிர்ந்து பெட்டிக்குப் பின்னால் நடந்தார். அதையெல்லாம் நீ ஒரு பொடிசின் பல்லைக் காட்டி மறக்கச் சொல்கிறாய்.

4 மார்ச் 2019 என்று எழுதியிருக்கிறாயே, அந்தத் தேதி உனக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லையா? என் இசைவாணி பிறந்த நாள். காலை ஆறு மணிக்கு வலி எடுத்து ஆயாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். "வரேண்டி கண்ணு" என்றாள். மூன்றாம் நாள்தான் வந்தாள். வந்து, "எல்லாம் நல்லபடியா ஆச்சில்ல" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆறு வருடமாக அது எனக்கு ஆறவில்லை.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேள். அன்றைக்கு ஆயா அவள் பக்கத்தில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை இருந்தாள்? அதை மட்டும் எழுது.

எட்டாவது பெயரைப் பற்றி அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பெயர் போட்டால் தன் அம்மாவின் பூசைக்கே வரமாட்டேன் என்கிறார்.

ஏஞ்சலின்


வெள்ளிமலை
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் மீதியைப் படிக்கமாட்டாய், மீதிதான் பெரிய கூத்து.

புது வாத்தியார் உபகாரமேரி ஆயாவின் பேரன் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒருவர் தலைப்பாகையோடு நிற்கிறார். சுப்புராயன், வயது அறுபத்திரண்டு. "நானும் பேரந்தான் சார்" என்கிறார். பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு இறங்கியபோது ஒன்பது நாள் ஆயா கூட இருந்தாளாம். அடுத்த நாள் மூன்று பேர். வெள்ளிக்கிழமை ஒரு ஜீப்பே வந்துவிட்டது. பிரசவம், மஞ்சள்காமாலை, மரத்திலிருந்து விழுந்தது, காசநோய். நேற்றுவரை முப்பத்தொரு பேர் அக்கா. தலைமையாசிரியர் மேடம், "சார், ஒங்க சொந்தக்காரங்களுக்குத் தனியா ஒரு பதிவேடு போடலாமா?" என்கிறார்.

நமக்கு என்ன தெரியும்? புதனும் சனியும் நைனார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள் என்று தெரியும். அவள் கஞ்சியோடு நின்றுவிடவில்லை. சீட்டு வரிசையில் நின்றிருக்கிறாள். டாக்டர் சொன்னதை மலைக்காரர்களுக்குப் புரியும்படி திருப்பிச் சொல்லியிருக்கிறாள். துணி அலசியிருக்கிறாள், தலை சீவிவிட்டிருக்கிறாள். மலை பஸ்ஸில் நோயாளி வந்தால் கண்டக்டரே அவளுக்குத் தகவல் சொல்வாராம். யார் கேட்டாலும் ஒரே பதில், எம் பேத்தி, எம் பேரன்.

இன்னொன்று கேள். சின்னப்பொண்ணு என்று ஒரு பாட்டி தடியூன்றி வந்தார். "நான் பேத்தி இல்ல சார், பொண்ணு" என்கிறார். 1973இல் ஆயாவுக்கு நாற்பத்தொரு வயசு, பேத்தி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் மகள் என்று சொல்லியிருக்கிறாள். தாத்தா காலில் மண்வெட்டி பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். பக்கத்துக் கட்டிலில் இந்த அம்மா, தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. ஆக, அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறார். கூடப் பிறந்தது ஒரே தம்பிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே, மெதுவாகச் சொல்.

உன் கேள்விக்கு வருகிறேன். சாலம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மொத நாள் சாயங்காலத்திலேருந்து மூணாம் நாள் காலம்பரவரைக்கும் இருந்தாங்க சார். எங்கூட்டுக்காரு கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போய்ட்டாரு. மறுநா காலையில ஆயாவுக்குப் போன் வந்துச்சி. பேசிட்டுப் பையெ எடுத்துத் தோள்ல மாட்டிக்கினாங்க. நான் முந்தானையெப் புடிச்சிக்கினேன். வுடவே இல்ல. ஆயா சொன்னாங்க, எம் பேத்திக்கு வலி வந்திருச்சாம், அங்க அவ அம்மா கீறா, மாமியா கீறா, புருஷன் கீறான், ஒனக்கு யார்டி கீறான்னு. சொல்லிட்டுப் பையெக் கழட்டி வெச்சிட்டாங்க. எனக்கு முதுகு தேச்சிக்கினே அழுதாங்க சார். எனுக்காக அழுவறாங்கன்னு நெனச்சேன். அப்பறந்தான் புரிஞ்சிச்சி."

இதைக் கேட்டுவிட்டு என்னால் அன்று பாடம் நடத்த முடியவில்லை. நீ என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை. எழுது.

ராபின்


கள்ளக்குறிச்சி
26 ஜூலை 2025

ராபினுக்கு,

என்ன நினைப்பேன்? அம்மா இருந்தாள், மாமியார் இருந்தார், அவரும் இருந்தார். ஆயா இல்லை. எனக்கு ஆள் எண்ணிக்கை வேண்டியிருக்கவில்லை, அவள்தான் வேண்டியிருந்தது. அவள் அழுதாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் நாலு தடவை படித்தேன். அழுதாள் என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் இத்தனை வருடம் நான் அவளிடம் உர்ரென்று இருந்திருக்கமாட்டேன். சோறு போடும்போதுகூட முகம் பார்க்காமல் போட்டிருக்கிறேன். கடைசிவரைக்கும் அவள் என்னவென்று கேட்கவுமில்லை.

உன் கடிதத்தைக் கல்லாப்பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் அப்பா கடைக்கு வந்து படித்துவிட்டார். கத்தினார். "எனுக்குப் பரீட்சை நாளுங்கூட எங்கம்மா வூட்ல இல்ல. கேட்டா ஆஸ்பத்திரி. தம்பிக்கு அம்மை போட்டப்ப நாந்தான் வேப்பல அடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். இப்ப செத்தப்பறமும் ஊரே வந்து பங்கு கேக்குதா?" பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த அம்மா, தடியூன்றிக்கினு வந்தாங்களே, அவங்க பேரு இன்னா?" என்றார். சொன்னேன். அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

வருகிறவர்கள் வரட்டும், சாப்பிடட்டும். கோயிலில் பின்வரிசை காலியாகத்தான் இருக்கும். பேனரில் ஏழு பெயர்தான். இந்த வருடப் பேனர் எட்டுக்கு ஆறு அடிதான், அதில் முப்பத்தொரு பெயரை எறும்பு எழுத்தில்தான் போட வேண்டும், எவன் படிப்பான்?

ஏஞ்சலின்


வெள்ளிமலை
3 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

பின்வரிசையா? சாமியார் பிரசங்கத்தில் கேட்கட்டும், அன்னை உபகாரமேரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாளா, பின்வரிசையில் உட்கார்ந்தாளா என்று. எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தாலும் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை, இப்போது எண்பத்துமூன்று பேர். வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். போகிற இடத்தில் எல்லாம் சாமைச்சோறு போடுகிறார்கள். இரண்டு கிலோ ஏறிவிட்டேன்.

பேனரில் பெயர் யாரும் கேட்கவில்லை, கவலைப்படாதே. அவர்கள் கேட்பது வேறு. நான் பெருமையாகப் பதினாறாம் தேதி எல்லாரும் வந்துவிடுங்கள் என்றேன். சுப்புராயன் தலையை ஆட்டவே இல்லை. "நீங்க சொன்னா எப்பிடி சார்? காரியத்துக்கு மூத்த புள்ள வூட்டுப்படி ஏறி வந்து கூப்புடணும். அப்பத்தான நாங்க சொந்தம். இல்லன்னா சோத்துக்கு வந்த கூட்டந்தான." எல்லாருக்கும் அதே பேச்சு. போன வருடம் பஸ்காரர்கள் சொல்லிச் செய்தி தெரிந்தும் அதனால்தான் யாரும் இறங்கவில்லையாம். அழைக்காத சாவுக்கு எப்படிப் போவது என்று ஊருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

ஒருத்தி மட்டும் இறங்கியிருக்கிறாள், சாலம்மாள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். நாலுமுனைச் சந்திப்பில் பேனரில் ஆயா முகத்தைப் பார்த்திருக்கிறாள். யாரையோ பேர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். "ஏழு பேரு படிச்சாங்க சார். அதுக்கப்பறம் ஓட்டதான் இருந்துச்சி" என்றாள். அங்கிருந்தே அடுத்த பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். ஆயா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

அப்பா பிளேடு போட்டு வெட்டிய ஓட்டைதான் அவள் கண்ணெதிரில் இருந்திருக்கிறது அக்கா. அவரிடம் இதைச் சொல். சொல்லிவிட்டு மலைக்கு வரச் சொல். வராவிட்டால் பூசைக்கு நானும் வரவில்லை.

ராபின்


கள்ளக்குறிச்சி
7 ஆகஸ்ட் 2025

ராபினுக்கு,

அப்பா பிளேடு போடவில்லை. நான்தான் போட்டேன்.

பேனரை அடிக்கும்போது கவனிக்கவில்லை என்றது நிஜம். காலையில் அடக்கத்துக்காக ஆயா ஊருக்குப் போக வேன் அந்தச் சந்திப்பைத் தாண்டும்போது எட்டாவது பெயரைப் படித்தேன். படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இசை பிறந்த அன்று ஆயா போனில், "சாலம்மாள்னு ஒரு புள்ள, வுட்டுட்டு வர முடியலடி கண்ணு, அது வலி தீந்ததும் ஓடியாறேன்" என்றாள். உன்னிடம் அதைச் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து வருடம் அந்தப் பெயரை நான் மறக்கவில்லை. அன்று என்னிடமிருந்து ஆயாவை எடுத்துக்கொண்டவள், இன்று ஆயாவுக்குப் பக்கத்திலும் நிற்கிறாளே என்று இருந்தது. வேனை நிறுத்தச் சொன்னேன். கட்டுக்கம்பில் ஏணி சாத்தியிருந்தது. கடையில் பிளெக்ஸ் வெட்டும் பிளேடு எப்போதும் என் பையில் கிடக்கும். அப்பாவிடம் மலைக்குடும்பம் என்று கேட்டார்களே, அதெல்லாம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த சாக்கு. நீ அப்பா என்று நினைத்தாய், அவரும் இல்லையென்று சொல்லவில்லை. நான் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால் இதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று பதினோரு மாதம் திட்டினேன்.

பிள்ளையோடு வந்து திரும்பிப் போனாள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் மூத்த பேத்தி. அப்பா வராவிட்டால் நான் படி ஏறிக் கூப்பிட்டால் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டு வை. அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள், தெரியும். இருந்தாலும் வருகிறேன்.

அக்கா


வெள்ளிமலை
8 ஆகஸ்ட் 2025

அக்கா,

காலையில் கிடைத்தது. பதிலை பஸ் கண்டக்டர் தங்கதுரை கையில் கொடுத்தனுப்புகிறேன், கடைக்கே வந்து தருவார்.

பதினோரு மாதம் நான் ஒரு முட்டாள் என்று நானே நம்பினேன். இதற்கு உன்னைச் சும்மா விடமாட்டேன், நேரில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. நீ வருகிறாய் என்பதே எனக்குப் போதும்.

சுப்புராயனிடம் கேட்டேன். மூத்த பேத்தி என்றால் பாதி சம்மதம், மூத்த பிள்ளை என்றால் முழு சம்மதமாம். மலைப்பாதையில் அப்பாவுக்குக் குமட்டும் என்று நினைத்தால் நாலு எலுமிச்சம்பழம் கொண்டு வா. வராவிட்டால் ஊறுகாய்க்கு ஆகட்டும்.

சாலம்மாளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது உன் வேலை.

ராபின்


கள்ளக்குறிச்சி
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் எண்களை எல்லாம் விடுவித்துவிட்டேன். டவர் இல்லாத ஊரில் இருந்துகொண்டு அதை வைத்து என்ன செய்வாய் என்று தெரியவில்லை. எப்படியும் இது போனில் சொல்ல வராத விஷயம்.

முதலில் வேலை. எட்டுக்கு ஆறு இல்லை, இருபதுக்குப் பத்து. வியாழக்கிழமைக்குள் அத்தனை பெயரும் இனிஷியலோடு தங்கதுரையிடம் கொடுத்தனுப்பு. எண்பத்துமூன்றோ நூறோ, எழுத்து தூரத்திலிருந்து தெரியும்படி நான் பார்த்துக்கொள்கிறேன், இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். நாலு ஜீப் போதாது, ஆறு சொல்.

வெள்ளிமலையில் நீ எங்களை ஏற்றிய ஜீப்பை அப்பா ஏழு இடத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்ததை நீயும் பார்த்தாய். முகம் கழுவிக்கொண்டு வந்த மனுஷரை அந்தச் சின்னப்பொண்ணு அம்மா, "வாண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்று கேட்டதையும் பார்த்தாய். அதற்குப் பிறகு அவர் அறுபத்தெட்டு வயசுக்காரராகவா இருந்தார்? எத்தனை படி ஏறினார், எத்தனை பேர் கையைப் பிடித்து, "எங்கம்மா பூசைக்கு வந்துடுங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. "எங்க எல்லாரையும் சேத்துத்தான்டி எங்கம்மா பெத்திருக்கு, எனக்குத்தான் கணக்கு தெரியல" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், இந்தத் தடவை கோபத்தில் இல்லை.

சாலம்மாள் வீட்டில் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நீ வெளியில் அப்பாவுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாய். என்ன ஆச்சு என்று நீ மூன்று தடவை கேட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன். எழுதுகிறேன்.

அவள் பாய் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பொடிசு என் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வாயில் இல்லை. "பேனர்ல ஓம் பேர வெட்டனது நாந்தான்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியுங்கக்கா" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன். அன்றைக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேனாம். பேரைப் படித்துச் சொன்ன ஆள் அப்போது ஏழு பேரை மட்டும் சொல்லவில்லை, "எட்டாவதா சாலம்மாள்னு ஒண்ணு இருக்கும்மா, அதத்தான் அந்தப் பொம்பள அறுக்குது" என்றும் சொன்னாராம். உன்னிடம் அவள் அதை மறைத்திருக்கிறாள். எதிர்ச்சாரியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்று, நான் வெட்டி முடித்து இறங்கும்வரை பார்த்திருக்கிறாள். "ஏணியிலேருந்து எறங்கி ரோட்லயே உக்காந்து அழுதீங்க. ஆயா சொன்ன பேத்தி இவங்கதான்னு அப்பவே தெரிஞ்சிட்சி" என்றாள்.

"என் மேல கோவம் வரலியா? ஓடியாந்து நாலு கேள்வி கேக்கக் கூடாதா? இல்ல நேரா வூட்டுக்கு வந்து ஆயா மொகத்தையாவது பாத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

அவள் பிள்ளையை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கி ஒங்க ஆயாவெ நான் வெச்சிக்கினேங்கக்கா. அதான் அந்த ஒரு நாள் ஒங்களுக்கே இருக்கட்டும்னு திரும்பிட்டேன்."

ராபின், அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் முதுகைத் தேய்த்துவிட்டாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கெழம பதினோரு மணிக்குப் பூச. நீ வராம ஆரம்பிக்க மாட்டோம்" என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உன் அக்கா
ஏஞ்சலின்